பதினேழாம் போர்ட்

அத்தியாயம் 9

“எலக்ட்ரீஷியன் ஆறுச்சாமிய வரச் சொல்லியிருந்தா அரை நாள்ல சுவிட்ச மாட்டிப்போட்டுப் போயிருப்பான். இதுக்குப் போயி பெங்களூர்ல பன்னண்டு வருசம் வேலை பார்த்துட்டு வரோணுமாக்கும்!”

ரவிதேஜா இதைத் தன் அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவின் காதில் விழும்படி தமிழ்ச்செல்வனிடம் சொன்னான். தமிழ்ச்செல்வன் அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர் பொறுப்பாளன். முதலாளி மகன் எப்போது சிரிப்பான் என்று பார்த்துச் சிரிப்பதில் மட்டும் அவன் ஒருநாளும் தாமதித்ததில்லை. இப்போதும் சிரித்தான்.

நவ்யா திரும்பிப் பார்க்கவில்லை. சர்வர் அறையில், இரும்பு ரேக்கின் முன்னால் தரையில் சம்மணமிட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் சுவிட்சுக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் வித்தியாசம் தெரியாதவன், ‘நிர்வாக இயக்குநர்’ என்று கதவில் பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்வது தன் வாய்க்குத்தான் இழுக்கு என்று நினைத்தாள்.

கிணத்துக்கடவு சாலையில் இருக்கும் ‘ராமாமணி பம்ப்ஸ்’ அவர்கள் குடும்பத்துச் சொத்து. தொடங்கியவர் அப்பா வெங்கடபதி. பெயர் அம்மாவுடையது.

போன மாதம் நடந்த விவசாயக் கண்காட்சியில்தான் இடி விழுந்தது. தென்னந்தோப்புகளுக்கென்றே இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்த புதுப் பம்ப், இன்னும் விற்பனைக்கே வராத பம்ப், ஒரு வடநாட்டுக் கம்பெனியின் ஸ்டாலில் வேறு பெயரோடு நின்றுகொண்டிருந்தது. பெயிண்டைத் தவிர எல்லாம் அதே. வரைபடங்கள் ஆபீஸுக்குள்ளிருந்துதான் போயிருக்க வேண்டும்.

ரவி ஒரே நாளில் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டான். டிசைன் பிரிவில் இருந்த செவ்வந்தி! காரமடைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்காட்டில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, இன்ஜினியரிங் படித்து, அந்தப் பம்பின் பாதி வரைபடங்களைப் போட்டுக் கொடுத்த பெண். என்ன ஆதாரம் என்று நவ்யா கேட்டதற்கு, “அவ வந்த எடம் அப்படி” என்றான் ரவி. அத்தனை பேர் முன்னாலும் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னான். டிபன் பாக்ஸும் குடையும் ஒரு பாக்கெட் தேங்காய் பன்னும் விழுந்தன. செவ்வந்தி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். வெங்கடபதி மாடிப் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

நவ்யா தடுத்தாள். கேட்பார் இல்லை. புருஷனைப் பிரிந்து பெட்டியோடு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அந்த வீட்டில் அவள் பேச்சு டிவி சத்தம் மாதிரி, எல்லார் காதிலும் விழும், யாரும் கேட்க மாட்டார்கள்.

“கம்ப்யூட்டர் லைனுக்குப் பூட்டுப் போடலாம். யாரு உள்ள வாராங்கன்னாவது தெரியும்” என்று அவள் சொன்னபோது ரவி வேண்டாம் என்றான். வெங்கடபதி அவனைவிட வேகமாக வேண்டாம் என்றார். எதிர்பாராமல் வாயைத் திறந்தது ராமாமணி. காகிதத்தில் கம்பெனியின் சேர்மன் அவள்தான். முப்பது வருடமாகக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர அந்தப் பதவியில் அவள் எதுவும் செய்ததில்லை.

“சேர்மன் நாந்தானே? நான் சொல்றேன். நீ பண்ணு கண்ணு” என்றாள், ரவியின் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே.

இதெல்லாம் போன வாரம். இன்றைக்குத் திங்கட்கிழமை. பூட்டுப் போடும் நாள்.

ரேக்கில் இருந்த சுவிட்ச் ஒன்றும் பெரிய சாமான் இல்லை. நீளமான ஒரு தகரப் பெட்டி, முகப்பில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரு கேபிள் ஒரு மேஜைக்குப் போகிறது. இதுநாள் வரை எவன் வந்து எதைச் செருகினாலும் கம்பெனியின் நெட்வொர்க் வாயைப் பிளந்து உள்ளே விட்டது. வரைபடங்கள் இருக்கும் சர்வர் வரை தடையில்லாமல் போய்வரலாம்.

இனிமேல் அப்படி இல்லை. கேபிளைச் செருகினாலும் போர்ட் திறக்காது. யார் நீ என்று முதலில் கேட்கும். கம்ப்யூட்டர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். சுவிட்ச் அதைத் தானாக நம்பிவிடாது, அனுமதி வழங்கும் சர்வரிடம் கேட்கும். அது சரி என்றால் விளக்கு பச்சை. இல்லையென்றால் ஆரஞ்சு, கதவு சாத்தியபடியே இருக்கும். பிரிண்டர், கேமரா போலப் பதில் சொல்லத் தெரியாத கருவிகளுக்கு, அவற்றின் அடையாள எண்ணை நவ்யா முன்கூட்டியே சர்வரில் பதிந்து வைத்திருந்தாள்.

முறைப்படி, ஒரு வாரமாவது பூட்டாமல் கேள்வி மட்டும் கேட்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ரவி விடவில்லை. “திங்கக்கெழமை ஓடோணும். இல்லாட்டிக் கழட்டி வீசிப்போட்டு ஊட்டுல போயி அம்மாகூட வெங்காயம் உரி” என்று சொல்லியிருந்தான்.

நவ்யா கடைசிக் கட்டளையைத் தட்டினாள்.

எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் ஆரஞ்சாயின. ஆபீஸ் ஹாலில் “அய்யோ, நெட் போச்சு!” என்று யாரோ கத்தினார்கள். தமிழ்ச்செல்வனின் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு விளக்கு பச்சையானது. அடுத்தது. அதற்கடுத்தது. அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், டிசைன் என்று ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி உள்ளே வந்துகொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து கேட்டிலிருந்து போன் வந்தது. ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் கதிரேசன்.

ரவி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டான். “சொல்லுங்க கதிரேசன். சத்தமாச் சொல்லுங்க, எங்க அக்காவுக்குக் கேக்கோணும்.”

“ஏனுங்க, விரல் வெக்கற மிஷினு வேலை செய்ய மாட்டேங்குதுங்க. சர்வர் தொடர்பு இல்லைன்னே வருதுங்க. ஷிப்டு ஆளுங்க பூராம் கேட்டுலயே நிக்கறாங்க. வெயிலு வேறங்க.”

“பார்த்தியா?” ரவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். செவ்வந்தியின் பையைக் கொட்ட வைத்த அன்றைக்குக்கூட அவன் இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை. “திருடனப் புடிக்கறேன்னு சொல்லி வேலைக்காரங்களக் கேட்டுல நிறுத்திப்போட்டா. அதான் புருசன் ஊட்டுலயும்…”

வாக்கியத்தை முடிக்காமல் விட்டான். முடிக்காமல் விடுவது அவன் சாமர்த்தியம்.

நவ்யா தமிழ்ச்செல்வனைப் பார்த்தாள். “அந்த மிஷின் நம்பர நான் பதிஞ்சிருக்கேன். மிஷின மாத்துனீங்களா?”

“அது வந்துங்க… வெள்ளிக்கெழமை புதுசு ஒண்ணு மாட்டுனமுங்க. சின்ன விஷயம், உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு…”

“உங்க பெருந்தன்மைக்கு நன்றிங்க. நம்பரச் சொல்லுங்க.”

அவனுக்கு அது எங்கே எழுதியிருக்கும் என்றே தெரியவில்லை. கதிரேசனையே மிஷினுக்கு அடியில் பார்க்கச் சொல்லி, அவர் எழுத்து எழுத்தாகப் படிக்க, நவ்யா சர்வரில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் கேட்டுப் போர்ட்டின் விளக்கு பச்சையானது. “இப்ப எடுக்குதுங்க அம்மணி!” என்று கதிரேசனின் குரல் ஸ்பீக்கரில் ஒலித்தது. ரவி போனை வைத்த வேகத்தில் அது மேஜையிலிருந்து சரிந்து விழுந்தது.

எல்லாம் பச்சை. ஒன்றைத் தவிர.

பதினேழாம் போர்ட்.

நவ்யா தன் கணக்கைச் சரிபார்த்தாள். ஒவ்வொரு மேஜையாக நடந்துபோய்ப் பார்த்துக் குறித்தது. பதினேழு எந்த மேஜைக்கும் போகவில்லை. காலி என்று எழுதியிருந்தாள். காலிப் போர்ட்டாக இருந்தால் விளக்கே எரியக் கூடாது. இங்கே ஆரஞ்சு விட்டு விட்டு மின்னியது. மறுமுனையில் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது. யார் நீ என்று சுவிட்ச் கேட்கக் கேட்க, பதில் சொல்லத் தெரியாமல் கதவையே முட்டிக்கொண்டிருக்கிறது.

“இது எங்க போகுது?”

“அது பழைய லைனுங்க மேடம்.” தமிழ்ச்செல்வன் குனிந்து பார்க்கக்கூட இல்லை. “எலி கடிச்சிருக்கும். உட்ருங்க.”

“எலி கடிச்சா லைட்டு அணையும். எரியாது.”

ஏசி ஓடும் அறையில் அவன் நெற்றி நனைந்திருந்தது. நவ்யாவுக்கு உள்ளே ஒரு குரூரமான சந்தோஷம் எழுந்தது. இவன் மறைப்பது வேறு யாருக்காக? மாட்டினாயா ரவி! பம்புக்கும் மிக்ஸிக்கும் வித்தியாசம் தெரியாத தம்பி, வரைபடத்தை விற்கவாவது தெரிந்துகொண்டிருக்கிறானே! பாவம், ஒரு பெண்ணின் பையைக் கொட்ட வைத்துவிட்டு மறைந்துகொள்ளும் அளவுக்குத்தான் புத்தி ஓடியிருக்கிறது.

கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரேக்கிலிருந்து ஏறி, கூரையோரத் தட்டில் படுத்து, வராந்தாவழியே போயிற்று. ரவி பின்னாலேயே வந்தான். அவன் அறை வந்ததும் முந்திக்கொண்டு வாசலில் காலை அகட்டி நின்றான்.

“என்ற ரூமுக்குள்ள வரோணும்னா கேட்டுட்டு வா.”

நவ்யா அண்ணாந்து பார்த்தாள். கேபிள் அவன் அறைக்குள் திரும்பவில்லை. அவன் தலைக்கு மேலாக நேரே போய்க்கொண்டிருந்தது.

வராந்தாவின் கடைசியில் ஒரே ஒரு அறைதான். வெங்கடபதியின் அறை.

அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. “டைப் அடிக்கறதுக்கா நான் கம்பெனி ஆரம்பிச்சேன்?” என்று கேட்டுக் கேட்டே அதை உள்ளே விடாதவர் அவர். அதனால்தான் அந்த அறையை மட்டும் நவ்யா சோதிக்கவில்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. வெங்கடபதி ஜன்னல் பக்கம் திரும்பி, போனில் பேசிக்கொண்டிருந்தார். “பாக்கறேனுங்க… காலையில இருந்துதானுங்க… ஆமாங்க, ஆமாங்க, இப்பச் சரியாயிருமுங்க.”

கலெக்டரிடம்கூட நிமிர்ந்து பேசுகிற மனிதர். அந்தக் குழைவை நவ்யா அவர் குரலில் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் திரும்புவதற்குள் அவள் பீரோவை ஒட்டிக் குனிந்துவிட்டாள். சுவரோரம் கேபிள் இறங்கி, பீரோவுக்குப் பின்னால் கையளவு கறுப்புப் பெட்டியில் முடிந்தது. பெட்டியை இழுத்தாள். முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கம்பெனிப் பெயர் இருந்தது. கண்காட்சியில் பார்த்த அந்த வடநாட்டுக் கம்பெனியின் பெயர்.

“நைனா…” பிள்ளைகள் இருவரும் அப்பாவை அப்படித்தான் அழைப்பார்கள். “இது என்னங்க நைனா?”

வெங்கடபதி போனைச் சட்டைப்பையில் போட்டார். அவர் திடுக்கிடவில்லை. எரிச்சல்தான் பட்டார்.

“தொட்டாச்சல்ல? அப்பத் தெரிஞ்சுக்க. கம்பெனியக் குடுத்துட்டேன். அவங்க வாங்குறாங்க. வாங்கறதுக்கு முன்னால உள்ள என்ன இருக்குதுன்னு பாக்க மாட்டாங்களா? அவங்க ஊர்ல உக்காந்துட்டே நம்ம சர்வரப் பாக்கறதுக்குத்தான் இது. தமிழ்ச்செல்வன்தான் மாட்டிக் குடுத்தான். நீ பண்ணின வேலையில காலையில இருந்து அவங்களுக்கு லைன் கெடைக்கல. போயித் தொறந்து உடு.”

ரவி வாயைப் பிளந்துகொண்டு கதவருகே நின்றான். அவனுக்கும் தெரியாது! இத்தனை நாளாக அவனை மனத்துக்குள் திருடனாக நிறுத்தி உமிழ்ந்தது வீண் என்று நவ்யாவுக்குப் புரிந்தது. அதற்காக அவன் மேல் மரியாதை ஒன்றும் பிறந்துவிடவில்லை. திருடக்கூடத் துப்பில்லாமல், வீட்டுக்குள் நடப்பதும் தெரியாமல், பித்தளைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

“பம்பு அவங்க ஸ்டால்ல நின்னுச்சே. நீங்களும் எங்ககூட நின்னு கோவப்பட்டீங்களே.”

“அவங்க அவசரப்பட்டுட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“செவ்வந்தி?”

“எவ?”

அந்த ஒரு சொல்லில் நவ்யாவுக்கு உடம்பு கூசியது. அவருக்கு உண்மையிலேயே பெயர் நினைவில்லை.

“பையக் கொட்டிக் காட்டிட்டுப் போனாளே, அந்தப் பொண்ணு. நீங்க படியில நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?”

“யாராச்சு ஒருத்தரு போகத்தானே வேணும். அவளுக்கு வேற எடமா கெடைக்காது?” வெங்கடபதி நாற்காலியில் சாய்ந்தார். “என்னை என்ன பண்ணச் சொல்ற? ஒருத்தன் இருக்கான், பம்பைத் தலைகீழா வெச்சாக்கூட அவனுக்குத் தெரியாது. ஒருத்தி இருக்கா, ஒரு குடும்பத்தையே காப்பாத்திக்க முடியாம பெட்டியத் தூக்கிட்டு வந்தவ. உங்கம்மா, எங்க காட்டினாலும் கையெழுத்துப் போடுவா. இதுதான என்ற சொத்து? உங்களை நம்பி இத உட்டுட்டுப் போறதுக்கு இரும்புக்காரனுக்கு எடைக்குப் போடலாம்.”

ரவி அழுதுவிடுவான் போலிருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நவ்யாவுக்கு அவன் சின்ன வயதுத் தம்பியாகத் தெரிந்தான். தோளில் கை வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

ரவி பேசினான். “அப்ப… என்ற ரூமு யாருக்குங்க நைனா?”

“உனக்கு அங்க ஒரு போஸ்ட்டு கேட்டிருக்கேன். ரூமு, காரு எல்லாம் இருக்கும். வேலை இருக்காது.”

ரவியின் மூச்சு சீரானது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அக்கா பக்கம் திரும்பினான்.

“அக்கா, தொறந்து உட்ரு. நைனா சொல்றாருல்ல.”

நவ்யா சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“நான் தொறக்க மாட்டேன்.”

“தமிழ்ச்செல்வன்!” என்று வெங்கடபதி கூப்பிட்டார். வராந்தாவில் பதுங்கியிருந்தவன் தலையை நீட்டினான். “நீ தொறடா.”

“பாஸ்வேர்டு மேடத்துகிட்டத்தானுங்க இருக்குது… எனக்குக் கேபிள் சொருகத்தானுங்க தெரியும்…” அவன் வாழ்க்கையில் அன்று முதல்முறையாக ஓர் உண்மையைச் சொன்னான்.

“சேர்மன் சொல்லட்டும், தொறக்கறேன்” என்றாள் நவ்யா.

“உன்ற சேர்மன் இந்நேரம் கையெழுத்தே போட்டிருப்பா. ஆளுங்க ஊட்டுக்குப் போயாச்சு.” வெங்கடபதி வாட்சைப் பார்த்தார். “புள்ளைங்க ரெண்டு பேரும் சரின்னுட்டாங்கன்னு அவங்ககிட்டச் சொல்லி உட்டிருக்கேன். இந்நேரம் பேனா மூடியிருப்பாங்க.”

நவ்யா அம்மாவைப் போனில் அழைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

“சொல்லு கண்ணு.” ராமாமணியின் குரல் தணிந்திருந்தது. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, யாராச்சு வந்திருக்காங்களா?”

“ரெண்டு பேரு. கோட்டு போட்டுட்டு. உன்ற நைனா அனுப்பிச்சாராம். ஹால்ல உக்காத்தி வெச்சிருக்கேன்.”

“கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“கண்ணாடியத் தேடிட்டு இருக்கேன்.”

“அம்மா…”

“மூக்கு மேலதான் இருக்குது. அவங்களுக்குத் தெரியாது.” மிக்ஸி நின்றது. “உங்க ரெண்டு பேர்த்தையும் கேட்டுட்டேன்னு நைனா சொன்னாராம், இவங்க சொல்றாங்க. கேட்டாரா?”

“இல்லம்மா. எனக்கு இப்பத்தான் தெரியும்.”

“ரவி?”

நவ்யா தம்பியைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

“அவனுக்கும் இப்பத்தான் தெரியும். ஆனா ஒத்துக்கிட்டான்.”

மறுமுனையில் ராமாமணி எதையோ மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

“அந்தப் புள்ளை, செவ்வந்தி. அவ எடுக்கலதானே?”

“எடுக்கலம்மா. வரைபடம் போனது நைனா ரூம்ல இருந்து.”

வெங்கடபதி எழுந்து, “ராமு, நான் சொல்றதக் கேளு…” என்று மேஜையைச் சுற்றி வந்தார்.

ராமாமணி நடந்து போவதும், ஹாலின் மின்விசிறிச் சத்தமும் போனில் கேட்டன. பிறகு, விருந்தாளிகளிடம் பேசும் அவளுடைய குரல், வழக்கத்தைவிடவும் பணிவாக:

“ஏனுங்க தம்பி, காபி ஆறிப் போகுதுங்க, குடிங்க. அந்தப் பேனாவ நீங்களே வெச்சுக்கோங்க. என்ற கம்பெனிய விக்கறாங்கங்கற சேதிய என்றகிட்டச் சொல்றதுக்கே வெளியாளு வரவேண்டியிருக்குது பாருங்க. தோசை சாப்பிடறீங்களா?”

யாரோ ஆங்கிலத்தில் தடுமாறினார்கள். ராமாமணி திரும்பவும் போனுக்கு வந்தாள்.

“நவ்யா, அந்தக் கதவு சாத்தியே இருக்கட்டும். ரவிகிட்டச் சொல்லு. அவந்தானே அந்தப் புள்ளைய அனுப்புனான்? அவனே காரமடைக்குப் போயிக் கூட்டிட்டு வரட்டும். சேர்மன் சொன்னாங்கன்னு சொல்லு.”

இணைப்பு அறுந்தது.

வெங்கடபதியின் சட்டைப்பையில் போன் அலறியது. எடுத்து, பெயரைப் பார்த்து, அப்படியே திரும்பவும் போட்டுக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ரவி சாவியைக் கையில் உருட்டியபடி நின்றான். “அக்கா, இப்ப நான் என்ன பண்ணட்டும்?”

“காது கேக்கும்ல?” என்றாள் நவ்யா. பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கிச் சுருட்டினாள். “சேர்மன் சொன்னதத்தானே கேட்ட. போ.”

அவன் போனான். நவ்யா ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். அவனுடைய வெள்ளைக் கார் கேட்டைத் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் திரும்பியது. செவ்வந்தியைத் தேடிக் காரமடைக்குப் போவதானாலும் சரி, நைனாவின் பின்னால் வீட்டுக்கு ஓடுவதானாலும் சரி, கோயம்புத்தூர் வரைக்கும் ஒரே சாலைதான்.